முதலில் நெக்கை வரையுங்கள்

மாடல் ரயிலுக்குச் சரக்கு யார்டு வரைய உட்காருகிற எல்லாரும் முதலில் லைன்களை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். பலகை இரண்டடி அகலம் இருக்கிறது, ஒரு லைனுக்கு இரண்டு அங்குலம் போதும், அப்படியென்றால் பத்துப் பன்னிரண்டு லைன் போட்டுவிடலாமே என்று கணக்கு ஓடும். நான் எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். வேலை செய்கிற எந்த யார்டிலும் வேகன் நிற்கவே கூடாத லைன் ஒன்று உண்டு. ஷண்டிங் நெக் என்பார்கள். யார்டின் வாயிலிருந்து ஒரு பக்கமாக நீண்டு போய் முட்டி நிற்கும். ஷண்டிங் எஞ்சின் வேகன்களை இழுத்துக்கொண்டு அதற்குள் போகும், தடத்தைப் பிரித்துவிடும் பாயிண்டை மாற்றியதும் அதே வேகன்களைத் தள்ளிக்கொண்டு வேறொரு லைனுக்குள் வரும். நாள் முழுக்க இதுதான் வேலை. அந்த நெக்கை முதலில் வரையுங்கள், எவ்வளவு நீளம் கொடுக்க முடியுமோ அவ்வளவும் கொடுங்கள், அப்புறம் மிச்சமிருக்கும் இடத்தில் எத்தனை லைன் வருகிறதோ வரட்டும்.

நான் இருப்பது தண்டையார்பேட்டை. எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் குட்ஸ் வண்டியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, கொருக்குப்பேட்டை கேட்டில் சைக்கிளோடு நின்று வேகன் எண்ணி வளர்ந்தவர்கள்தான் எல்லாரும். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது என்பதை இங்கே சின்னப் பையன்கூடச் சொல்வான். பயணிகள் ரயிலின் கதை அது. சரக்கின் கதைதான் எங்கள் ஊரின் அமைப்பையே தீர்மானித்தது. ஒரு பக்கம் துறைமுகம், பேசின் பிரிட்ஜ் பக்கம் சால்ட் கோட்டர்ஸ் குட்ஸ் ஷெட், கொருக்குப்பேட்டையில் பீச்சிலிருந்து வரும் தடமும் பேசின் பிரிட்ஜிலிருந்து வரும் தடமும் சேர்கிற இடம், அதைத் தாண்டினால் தண்டையார்பேட்டை மார்ஷலிங் யார்டு, டீசல் ஷெட், ஐ.ஓ.சி. டேங்குகள், கன்டெய்னர் டெப்போ. இன்னும் வடக்கே போனால் தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரைத் தாங்கி நிற்கும் விம்கோ நகர், அப்புறம் எண்ணூர், அத்திப்பட்டு. மேற்கே மணலியில் 1969இல் ஓடத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை. இவ்வளவையும் ஒன்றோடொன்று கோர்த்து வைத்திருந்தது வேகன்கள்தான், அந்த வேகன்களைப் பிரித்துச் சேர்த்தது யார்டு.

எந்தக் காலத்து யார்டை மாடலாகச் செய்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது, ஏனென்றால் காலம் மாறினால் வேலையே மாறிவிடுகிறது. முன்பெல்லாம் ஒரு வியாபாரி ஒரே ஒரு வேகன் சரக்கு அனுப்பலாம். அந்த ஒற்றை வேகனை ஒரு வண்டி கொண்டுவந்து யார்டில் விடும், யார்டு அதை வேறு இருபது முப்பது வேகன்களோடு சேர்த்து இன்னொரு வண்டியாகக் கட்டும், வழியில் அடுத்த யார்டில் திரும்பவும் அவிழ்ப்பார்கள். முகல்சராய் மாதிரி இடங்களில் இதற்காகவே மேடு கட்டி, வேகன்களை மேட்டிலிருந்து உருளவிட்டுப் பிரித்தார்கள். 1980களின் தொடக்கத்திலிருந்து ரயில்வே முழு ரேக் முறைக்கு, அதாவது வேகன் வரிசை முழுவதும் ஒரே வண்டியாக ஓடும் முறைக்கு, மாறியது. ஒரே சரக்கு, ஒரே இடத்தில் ஏற்றி ஒரே இடத்தில் இறக்க வேண்டும், நடுவில் பிரிக்கிற வேலையே கிடையாது. பாக்ஸ்என் என்ற பெரிய திறந்த வேகன்கள் வந்தன, ஒற்றை வேகன் சரக்கு மெல்ல மெல்ல நின்றது, மார்ஷலிங் யார்டுகளின் பழைய வேலை போய்விட்டது. இன்று தண்டையார்பேட்டையில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் முழு ரேக்குகள் வந்து நின்று எஞ்சின் மாற்றிக்கொண்டு போவதைத்தான். இன்றைய வண்டியை மாடலில் ஓட்ட விரும்புகிறவருக்குப் பிரிக்கும் லைன்களே வேண்டாம், மெயின் லைனிலிருந்து விலகித் திரும்ப அதிலேயே சேரும் நீளமான லூப் இரண்டு மூன்று போதும். அதுவும் அழகுதான், ஐம்பத்தெட்டு பாக்ஸ்என் வரிசையாகப் போவதைப் பார்ப்பதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. எனக்கு வேகன்களைப் பிரித்து அடுக்கும் வேலை பிடிக்கும். அதனால் 1980ஐ ஒட்டிய காலத்தை எடுத்துக்கொண்டேன். நான்கு சக்கர மூடு வேகன்களும் எட்டுச் சக்கரப் போகி வேகன்களும் கலந்து ஓடிய கடைசிக் காலம் அது. பெரம்பூர் பி அண்டு சி மில்லுக்குப் பஞ்சு, ஐ.ஓ.சி.க்கு டேங்க் வேகன், ஹார்பருக்குப் போகும் மூட்டைகள், பெல்லாரி, ஹொஸ்பேட் பக்கத்திலிருந்து பாரதி டாக்குக்கு வந்த இரும்புத் தாது. 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு நிலக்கரியையும் தாதுவையும் சென்னைத் துறைமுகத்தில் கையாள்வது நின்றது, நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போய்விட்டது. ராயபுரம் வீடுகளின் ஜன்னல் கம்பியில் படிந்திருந்த செம்மண் நிறத் தூசு பிள்ளைகளுக்குத் தெரியாது, தெரியாமலே இருக்கட்டும்.

இப்போது அளவு. இந்திய ரயில்வேயில் ஒரு சரக்கு லூப்பின் வழக்கமான நீளம் 686 மீட்டர். ஹெச்ஓ அளவில், அதாவது 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால், அது கிட்டத்தட்ட 7.9 மீட்டர். அதைவிடச் சின்ன என் அளவில், 160இல் ஒரு பங்கில்கூட 4.3 மீட்டர். எங்கள் மொட்டைமாடி அறை பன்னிரண்டுக்கு எட்டு அடி, அதாவது நீளச் சுவரே 3.66 மீட்டர்தான். வடசென்னையில் இந்த அறை கிடைத்ததே பெரிய விஷயம். ஆக, நிஜ நீளத்தை மறந்துவிட வேண்டும். மறந்துவிட்டு, எது எதற்குச் சமமாக இருக்க வேண்டும் என்ற உறவை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். என் நீளமான வண்டி 1.8 மீட்டர் என்று முடிவு செய்தேன். ஒரு டபிள்யூடிஎம்2 டீசல் எஞ்சின் ஹெச்ஓவில் 20 செ.மீ., பாக்ஸ்என் 12 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே, பிடிபிஎன் டேங்க் வேகன் 14 செ.மீ.க்கு மேலே, பழைய நான்கு சக்கர வேகன் சுமார் 10 செ.மீ. எல்லாம் கலந்து பன்னிரண்டு வேகன், ஒரு எஞ்சின், வாலில் கார்டு இருக்கும் ஒரு பிரேக் வேன், கொஞ்சம் மூச்சுவிட இடம். இந்த 1.8 மீட்டர்தான் என் யார்டில் எல்லாவற்றையும் அளக்கும் கோல். வந்து சேரும் வண்டியும் புறப்படும் வண்டியும் நிற்க, இரண்டு பக்கமும் திறந்த இரண்டு லைன்கள் அந்த நீளத்துக்கு வேண்டும். அதில் பேரம் பேசக் கூடாது. வண்டி லைனைவிட நீளமாக இருந்தால் வால் மெயின் லைனில் நீட்டிக்கொண்டு நிற்கும், யார்டு இருப்பதற்கே அர்த்தம் இல்லாமல் போகும்.

பிரிக்கும் லைன்களை இரண்டு பக்கமும் திறந்து வைப்பதா, ஒரு பக்கம் முட்டி நிற்க வைப்பதா என்பது அடுத்த கேள்வி. பெரிய யார்டுகளின் படங்களைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் இரண்டு பக்கமும் திறந்ததுதான் வேண்டும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். லைன்களைப் பிரித்துவிடும் பாயிண்ட் வரிசைக்கு லேடர் என்று பெயர். நான் வாங்கிய பீகோ கம்பெனிப் பாயிண்டுகள் 12 டிகிரிக் கோணத்தில் பிரிகின்றன. பக்கத்து லைனுக்கு 50 மி.மீ. இடைவெளி வேண்டுமென்றால் லேடரில் ஒவ்வொரு பாயிண்டுக்கும் சுமார் 24 செ.மீ. செலவாகும். நிஜ யார்டுகளில் பாயிண்ட் 8.5க்கு 1 என்ற மெல்லிய சாய்வில் பிரிகிறது, அதே கோணத்தை மாடலில் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 43 செ.மீ. போய்விடும், அதனால் 12 டிகிரியே பரவாயில்லை. நாலு லைனுக்கு மூன்று பாயிண்ட், ஒரு லேடர் முக்கால் மீட்டர். இரண்டு பக்கமும் லேடர் வைத்தால் ஒன்றரை மீட்டர் பாயிண்டுகளுக்கே போய்விடும். மூன்றரை மீட்டர் சுவரில் அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை. பிரிக்கும் லைன்கள் ஒரு பக்கம் முட்டட்டும், மிச்சமான முக்கால் மீட்டர் நெக்குக்குப் போகட்டும் என்று தீர்மானித்தேன். ஆறாக இருந்த லைன்களும் நாலாகக் குறைந்தன.

நாலு லைனை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று கேட்பார்கள். இங்கேதான் நெக்கின் பலம் வருகிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கணக்கு எளிதாக இருக்க மூன்று லைன் மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம், ஒன்பது இடங்களுக்குப் போக வேண்டிய ஒன்பது வேகன்கள் கலைந்த வரிசையில் வந்திருக்கின்றன. அவற்றை 1, 2, 3 என்று 9 வரை சரியான வரிசையில் அடுக்க வேண்டும், ஏனென்றால் வழியில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கடைசியில் இருப்பதைக் கழற்றிவிட்டுப் போக வசதியாக இருக்கும். வேகன்கள் முழுவதையும் நெக்குக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினுக்குத் தூரத்தில் இருக்கும் முனையிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு வாருங்கள். முதல் சுற்றில் 1, 4, 7 முதல் லைனுக்கு, 2, 5, 8 இரண்டாவது லைனுக்கு, 3, 6, 9 மூன்றாவது லைனுக்கு. வரிசையைப் பற்றி இப்போது கவலை வேண்டாம், வருகிறபடி விடலாம். அப்புறம் மூன்றாவது லைனை முதலில் இழுங்கள், அதோடு போய் இரண்டாவதைக் கோத்துக்கொள்ளுங்கள், கடைசியாக முதலாவது. இப்போது எல்லாம் திரும்ப நெக்கில். இரண்டாவது சுற்றில் 1, 2, 3 முதல் லைனுக்கு, 4, 5, 6 அடுத்ததற்கு, 7, 8, 9 மூன்றாவதுக்கு. தள்ளிவிட்ட பிறகு பாருங்கள், ஒவ்வொரு லைனிலும் வேகன்கள் தாமாகவே வரிசையில் நிற்கும். திரும்ப மூன்று, இரண்டு, ஒன்று என்று இழுத்தால் முழு வண்டியும் வாலிலிருந்து 1 முதல் 9 வரை சரியாகக் கட்டியிருக்கும். மூன்று லைனில் ஒன்பது என்றால் நாலு லைனில் பதினாறு. ஒரே இடத்துக்குப் போகும் வேகன்கள் இரண்டு மூன்று இருந்தாலும் அவற்றுக்கு ஒரே எண் கொடுத்துவிட்டால் சரி. லைன் குறைவான யார்டுகளில் ஷண்டிங் ஆட்கள் கையாண்ட பழைய வித்தை இது.

இதற்கு ஒரே நிபந்தனைதான். மூன்று லைனையும் சேர்த்து இழுக்கும்போது மொத்த வேகனும் எஞ்சினோடு நெக்குக்குள் அடங்க வேண்டும். நெக்கில் ஐந்து வேகன்தான் பிடிக்கும் என்றால் இந்த முறையே நடக்காது. ஐந்து ஐந்தாக வெட்டி, வெட்டியதை எங்கே வைப்பது என்று தெரியாமல், கடைசியில் மெயின் லைனில் கொண்டுபோய் நிறுத்த வேண்டியிருக்கும். பத்து லைன் இருந்து நெக் குட்டையாக இருக்கிற யார்டில் பத்து குவியல் போடலாம், அதற்கு மேல் ஒழுங்கு வராது. நாலு லைனும் முழு நெக்கும் இருந்தால் எந்த வரிசையும் வரும். இடம் குறைந்த வீட்டில் யார்டு கட்டுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய செய்தி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நெக்கின் நீளம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இங்கிலாந்திலிருந்து ஒரு நல்ல சாட்சி உண்டு. ஆலன் ரைட் என்பவர் வடிவமைத்த இங்கிள்நூக் என்ற சின்ன ஷண்டிங் விளையாட்டு. மூன்று லைன், அவற்றில் முறையே 5, 3, 3 வேகன்களுக்கு இடம், நெக்கில் எஞ்சினோடு 3 வேகன் மட்டும். எட்டு வேகன்களில் ஐந்தைத் தேர்ந்து, சொன்ன வரிசையில் கட்ட வேண்டும். அப்படிக் கட்டக்கூடிய வரிசைகள் 6,720. விளையாடிப் பார்த்தால் அரை மணி நேரம் ஓடிவிடும், அவ்வளவு சுவையான புதிர். அந்தச் சுவை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நெக்கை மூன்று வேகனோடு நிறுத்தியதால்தான். நெக்கை எட்டு வேகனுக்கு நீட்டிவிட்டால் புதிர் கரைந்துவிடும். புதிர் வேண்டுமென்றால் நெக்கைக் குறையுங்கள். வண்டிகள் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போகிற யார்டு வேண்டுமென்றால் நீட்டுங்கள். இரண்டில் எது வேண்டும் என்று தெரிந்துகொண்டு வரைய வேண்டும். நான்கடிப் பலகை மட்டும் இருக்கிற நண்பர்களுக்கு நான் எப்போதும் இங்கிள்நூக்கைத்தான் சிபாரிசு செய்கிறேன்.

எங்கள் தெருவில் ஷண்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். அப்பாவோடு பழகியவர், நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். பென்சில் படத்தை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நெக் நல்லா இருக்குது தம்பி. நெக் பத்தலன்னு வெச்சுக்கோ, ஒரு வண்டிய மூணு துண்டா வெட்டணும். ஒவ்வொரு துண்டுக்கும் மெயின்ல லைன் கிளியர் கேக்கணும். எக்ஸ்பிரஸ் வருதுன்னு கேபின்ல நிறுத்திருவான். அவன் வுடற வரிக்கும் நாங்க இன்னா பண்றது, பீடிதான்" என்றார். அப்புறம் விரலை வைத்துக் காட்டி, "இது மெயினுக்கு வெளிய இருக்குது பார், அதான் முக்கியம். எங்க வேல எங்களோட, அவுங்க வேல அவுங்களோட" என்றார். நான் ஒரு பக்கத்துக்கு எழுதியதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். நெக் மெயின் லைனோடு ஒட்டி ஓடலாம், மெயினைத் தொடக் கூடாது. யார்டு எஞ்சின் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் மெயினில் இன்னொரு வண்டி கடந்து போக முடிய வேண்டும். மாடலில் அந்தக் காட்சிதான் யார்டுக்கு உயிர் கொடுக்கிறது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஓட்டவும் வழி செய்கிறது.

நீளச் சுவரில் இடம் இல்லாததால் என் நெக் மூலையில் திரும்பிக் குட்டைச் சுவரோடு போகிறது, மொத்தம் 1.7 மீட்டர். பன்னிரண்டு கலப்பு வேகனும் ஷண்டிங் எஞ்சினும் அடங்கும். வளைவு 60 செ.மீ. ஆரம், அதற்குக் கீழே போனால் போகி வேகன்களைத் தள்ளும்போது தடம் புரளும் என்று பயம். வளைவில் வேகன்களை இணைக்கும் கப்ளிங் சரியாகக் கோக்காது என்பதால் கோக்கிற, கழற்றுகிற வேலை எல்லாம் நேர்த்தடத்தில், லேடருக்கு முன்னால் நடக்கும்படி வைத்திருக்கிறேன். கழற்றுவதற்குக் காந்தம் எல்லாம் போடலாம். நான் போடவில்லை. ஊதுவத்திக் குச்சியின் முனையைச் சீவி, கேடி என்ற மாடல் கப்ளரின் நடுவில் விட்டு ஒரு திருகு திருகினால் பிரிந்துவிடும். இந்தியப் போகி வேகன்களில் இருக்கிற சென்டர் பஃபர் கப்ளர் அமெரிக்க வடிவத்தையே ஒட்டியது, அதனால் கேடி பார்வைக்கும் பொருந்துகிறது. நான்கு சக்கர வேகன்களில் உண்மையில் இருந்தது ஸ்க்ரூ கப்ளிங். அதை அந்த அளவில் விரலால் மாட்டி அவிழ்க்க முடியாது என்பதால் அங்கேயும் கேடிதான்.

ஃபவுலிங் மார்க்கைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் காகிதத்தில் லைன் நீளத்தை அளக்கிற எல்லாரும் இதை விட்டுவிடுகிறார்கள். இரண்டு லைன் பிரிகிற இடத்தில், இதற்கு மேல் வேகன் வந்தால் பக்கத்து லைனில் போகும் வண்டி உரசும் என்று காட்டுகிற அடையாளம் அது. நிஜ வேகன் 3.2 மீட்டர் அகலம், ஹெச்ஓவில் 37 மி.மீ. லைன்களின் நடுக்கோடுகள் 45 மி.மீ.ஆவது விலகிய பிறகுதான் வேகன் பத்திரமாக நிற்க முடியும். 12 டிகிரிக் கோணத்தில் அந்த விலகல் வருவதற்குள் 20 செ.மீ.க்கு மேல் போய்விடும். ஆகவே பாயிண்டிலிருந்து லைன் முட்டி நிற்கும் பஃபர் வரை ஒன்றரை மீட்டர் இருந்தால், நிற்கக்கூடிய இடம் 1.3 மீட்டர்தான். ஸ்லீப்பர் நுனியில் வெள்ளைப் பெயிண்ட் தொட்டு வைத்திருக்கிறேன். ஓட்டுகிறவர்கள் சண்டை போடாமல் இருக்க அந்த வெள்ளைப் புள்ளி பெரிய உதவி.

லைன் இடைவெளியும் கையைப் பொறுத்தது. 50 மி.மீ. பார்க்க நெருக்கமாக, யார்டு மாதிரியே இருக்கும், ஆனால் நடு லைனில் புரண்ட வேகனை எடுக்க விரல் நுழையாது. வந்து போகும் இரண்டு லைன்களுக்கு நடுவில் 60 மி.மீ. விட்டிருக்கிறேன். புதிதாகப் போடும் அகலத் தடங்களுக்கு ரயில்வே வைத்திருக்கும் 5.3 மீட்டர் இடைவெளியைச் சுருக்கினால் 61 மி.மீ. வருகிறது, ஆக அதுவும் சரி. பலகை அகலம் இரண்டடிக்கு மேல் போகக் கூடாது என்பது என் கட்டாயம். சுவரோரம் இருக்கும் லைனுக்குக் கை எட்ட வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. வந்த வண்டியின் எஞ்சின் கழன்று வெளியே போக லைனின் முடிவில் எஞ்சின் நீளத்துக்கு மேல் கொஞ்சம் இடம் வேண்டும், 25 செ.மீ. போதும். பிரேக் வேனுக்குத் தனியாக ஒரு குட்டி லைன், நெக்கிலிருந்து நேரே போகிற மாதிரி, ஏனென்றால் ஒவ்வொரு வண்டிக்கும் கார்டு வேன் வாலில் வர வேண்டும், அதைத் தேடிப் போய் எடுக்கும்படி வைத்தால் ஒவ்வொரு முறையும் இரண்டு நகர்த்தல் வீண். பழுதான வேகனுக்கு சிக் லைன். என்னுடையதில் அது மூன்று வேகன் நீளம்.

யார்டு சமமாக இருக்க வேண்டும் என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ரயில்வேயில் ஸ்டேஷன் யார்டுக்கு 400க்கு 1க்கு மேல் சரிவு கூடாது, 1,200க்கு 1 இருந்தால் நல்லது என்று வைத்திருக்கிறார்கள். என் மூன்று மீட்டருக்கு 400க்கு 1 என்றால் ஏழரை மி.மீ. ஊசிமுனை அச்சு உள்ள நல்ல மாடல் வேகன் அந்தச் சரிவிலேயே தானாக உருண்டுவிடும். ரசமட்டத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் வைத்துப் பார்த்து, கால்களுக்கு அடியில் போல்ட் வைத்து ஏற்றி இறக்குகிற மாதிரி செய்துகொள்ளுங்கள். மொட்டைமாடித் தளம் மழைத் தண்ணீர் ஓட வாட்டமாகத்தான் போட்டிருப்பார்கள், தரையை நம்பவே கூடாது.

கடல் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். உப்புக் காற்று எல்லாவற்றையும் தின்கிறது. பலகைக்கு மரைன் ப்ளை, ஐஎஸ் 710 முத்திரை பார்த்து வாங்கி, வெட்டிய ஓரங்களுக்கும் அடிப்பக்கத்துக்கும் பெயிண்ட் அடித்தேன். மேல்பக்கம் மட்டும் அடித்தால் பலகை வளையும். ரெயிலில் பித்தளையைத் தவிர்த்து நிக்கல் சில்வர் வாங்குங்கள், அதன் மேல் படியும் கறை மின்சாரத்தை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஓட்டுவதற்கு முன் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும். வெயில் காலத்தில் இந்த அறை காலைக்கும் மதியத்துக்கும் இருபது டிகிரி ஏறும். மூன்று மீட்டர் ரெயில் அந்தச் சூட்டுக்கு ஒரு மி.மீ. நீளும். அதனால் இணைப்புகளில் சின்ன இடைவெளி விட்டிருக்கிறேன், எல்லாவற்றையும் சால்டர் வைத்து ஒட்டிவிடாதீர்கள். ஈரத்தில் பலகை நீள்வது இதைவிட அதிகம்.

பாயிண்டுகளை மோட்டார் வைத்து மாற்றவில்லை. அந்தக் காலத்து யார்டில் பாயிண்ட்ஸ்மேன் கையால்தான் லீவரைத் தள்ளினார், இங்கேயும் கைதான். பலகைக்கு அடியில் சைக்கிள் போக்ஸ் கம்பி, முன் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்லைடு ஸ்விட்ச். கம்பியை அந்த ஸ்விட்ச் தள்ளும், பாயிண்டின் நடுத் துண்டுக்கு எந்தப் பக்க மின்சாரம் போக வேண்டும் என்பதையும் அதுவே மாற்றிவிடும். மெதுவாக ஓடும் ஷண்டிங் எஞ்சின் பாயிண்டின் மேல் நின்றுபோகாமல் இருக்க இது மிக அவசியம். ஸ்விட்சுகள் ரிச்சி தெருவில் கிடைக்கும். தடத்தின் அகலம் பற்றி ஒரு வார்த்தை. ஹெச்ஓவின் 16.5 மி.மீ. உலகத் தடமான 1,435 மி.மீ.க்கானது. நம் அகலப் பாதை 1,676, அதைச் சரியாகச் சுருக்கினால் 19 மி.மீ.க்கு மேல் வர வேண்டும். எல்லாவற்றையும் கையால் செய்கிற பொறுமை இருப்பவர்களை நான் மதிக்கிறேன். எனக்கு வேகன்கள் சரியான வேலை செய்வது முக்கியம், அதனால் கடையில் கிடைக்கும் 16.5இல் நிற்கிறேன்.

ஓட்டுவதற்கு ஒவ்வொரு வேகனுக்கும் ஓர் அட்டை. அதில் வேகன் எண், வகை, அதோடு செருகிய சீட்டில் எங்கே போக வேண்டும் என்பது. ஹார்பர், ஆயில் சைடிங், மில், குட்ஸ் ஷெட், அரக்கோணம் பக்கம், கூடூர் பக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா பிள்ளைகள் வருவார்கள், மகள் யார்டு, பையன் மெயின் லைன். அட்டைகளைப் பார்த்து மகள் மனதுக்குள் எண் போட்டுக்கொள்கிறாள், இரண்டு சுற்றில் முடித்துவிடுகிறாள். நாலு லைனில் மொத்தம் சுமார் ஐம்பது நான்கு சக்கர வேகன் நிற்கும், நான் ஒருபோதும் அதில் பாதிக்கு மேல் வைப்பதில்லை. புதிதாக வேகன் வாங்கினால் பழையதில் ஒன்றை அலமாரிக்கு அனுப்பிவிடுவேன். லைன் நிறைந்த யார்டில் எதையும் நகர்த்த முடியாது.

ஹார்பர் சைடிங்கை எங்கே கோப்பது என்பதுதான் இப்போதைய யோசனை. படத்தில் அது நெக்கின் நுனியிலிருந்து பிரிந்து போகிறது, இடம் மிச்சமாகும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் ஹார்பர் வண்டி உள்ளே வரும்போதெல்லாம் ஷண்டிங் நின்றுவிடும், மாமாவும் அதையே சொன்னார். வந்து போகும் லைன்களின் மறுமுனையில் கோத்தால் நெக் விடுபடும், அலமாரியை அரையடி நகர்த்த வேண்டியிருக்கும், ஒரு பாயிண்ட் கூடுதலாக வேண்டும். அலமாரியை நகர்த்த வீட்டில் சம்மதம் வாங்கியாகிவிட்டது. பாயிண்ட், வலப்பக்கம் பிரிகிற மீடியம் ஒன்று, சொல்லி வைத்திருக்கிறேன்.